முறையீட்டுக்கு ஓர் இடம்: தாவூத் ஷரீபா கானம் அம்மையாரின் தொண்டு

தோற்றுவாய்

திருவாரூரில் முறை செய்த மனுநீதிச் சோழன் வரலாற்றைத் தமிழ் மாணாக்கருள் அறியாதார் இலர். தேர்க்காலிற் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது; மன்னன் தன் மைந்தனென்றும் பாராது முறை செய்தான். இக்கதையைக் கேட்போர் மன்னனது நடுவுநிலைமையையே பெரிதும் வியப்பர். ஆயினும் வியத்தற்குரியது பிறிதொன்றும் அதன்கண் உண்டு. அம்மணியின் கயிறு ஒரு பசுவுக்கும் எட்டுமாறு தொங்கிற்று என்பதே அஃது. கயிறு எட்டாதிருப்பின், மன்னன் எத்துணை நேர்மையுடையவனாயினும் அப்பசுவுக்கு நீதி கிடைத்திராது. எனவே, நீதி என்பது இரண்டு உறுப்புக்களை உடையது. முறை வழங்குவோனது நேர்மை ஒன்று. முறையிடுவோர் அவனிடம் சென்று சேருதற்குரிய வழி மற்றொன்று. முன்னதைப் பற்றி நூல்கள் பல பேசும். பின்னதைப் பற்றி நாம் எண்ணுவது அரிது.

இவ்வுண்மையை அரண்மனை வாயிலோடு நிறுத்தாது நம் இல்லங்களுக்குள்ளும் கொண்டு சென்று பார்த்தல் வேண்டும். கணவனால் அடியுண்ட ஒருத்தி எங்கே சென்று முறையிடுவாள்? பிறந்த வீட்டார், 'பொறுத்துப் போ' என்பர். புக்க வீட்டார், 'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்பர். ஊர்ப் பெரியோர் கூடும் இடத்தில் அவளுக்கு இருக்கை இல்லை. அவளுடைய தந்தையோ தமையனோ அவள் பொருட்டுப் பேசுவர். அவர்களும் பேசாதுவிடின் அவள் துயரம் அவளோடே அடங்கும். இவ்வாறு அடங்கிய குரல்களுக்கு ஓர் இடம் அமைக்க முற்பட்டவர், புதுக்கோட்டையை நிலைக்களனாகக் கொண்டு தொண்டாற்றிய தாவூத் ஷரீபா கானம் அம்மையார். அவர்தம் தொண்டினையும், அதனின்று நாம் கற்றற்குரிய பாடத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

இல்லக் கொடுமையின் இயல்பு

இல்லக் கொடுமை ஏனைய குற்றங்களைப் போன்றதன்று. வழிப்பறி செய்வோன் அயலான். அவனைப் பிடித்துக் கொடுத்தால் ஊரார் புகழ்வர். இல்லத்தில் அடிப்போனோ உற்றவன். அவனைக் காட்டிக் கொடுத்தவளையே ஊரார் பழிப்பர். வழிப்பறிக்கு ஆளானோர் அன்றிரவு தம் வீட்டிற் கதவடைத்து அச்சமின்றி உறங்கலாம். இல்லக் கொடுமைக்கு ஆளானவளுக்குக் கதவு அடைத்த பின்னரே அச்சம் தொடங்கும். அவள் உண்ணும் சோறும், உடுக்கும் உடையும், பெற்ற மக்களும் அவ்வீட்டிலேயே இருத்தலின், குற்றத்தைச் சொல்லுதல் என்பது அவள் வாழ்வையே பணயம் வைத்தலாகும்.

இதற்கேற்ப நம் நாட்டுப் பழமொழிகள் சிலவும் கொடுமைக்கு முட்டுக் கொடுத்து நிற்கின்றன. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்றும், 'கல்லானாலும் கணவன்' என்றும் சொல்லிச் சொல்லியே பெண்மக்களை வளர்த்தோம். அணைக்கும் கை அடியாதிருத்தலும் கூடுமே என்று வினவியவர் சிலரே.

இத்துன்பம் எவ்வளவினது என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு ஒருவாறு காட்டுகின்றது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் 100க்கு 38 பேர் கணவனது வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். இந்தியா முழுமைக்கும் இவ்வெண் 100க்கு 29. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் நம் நாடு இவ்வொன்றில் நாணித் தலைகுனிய வேண்டியதாயிற்று. இதனினும் கருதத்தக்கது பிறிதொரு கணக்கு. வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களுள் எவரிடமேனும் உதவி நாடியவர் 100க்கு 14 பேரே என்று அவ்வாய்வு கூறுகின்றது. எஞ்சியோருட் பெரும்பாலார் ஒருவரிடத்தும் வாய் திறந்திலர். காவல் நிலையங்களும் நீதிமன்றங்களும் நாடெங்கும் இருக்கவே செய்கின்றன. மணி தொங்குகின்றது, கயிறுதான் எட்டவில்லை.

இந்நோய் ஒரு சமயத்தார்க்கோ ஒரு குலத்தார்க்கோ உரியதன்று. இந்துக்களிடத்தும் கிறித்தவரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், கற்றாரிடத்தும் கல்லாரிடத்தும் இஃது உண்டு. ஷரீபா அம்மையார் தம் சமூகத்தாரிடையே தொண்டாற்றினமையால் அச்சமூகமே குற்றமுடையது என்று எவரும் கொள்ளற்க. தம் வீட்டைத் துடைப்பவரைப் பார்த்து அவர் வீடு மட்டுமே அழுக்குடையது என்பது அறிவுடைமையாகாது.

புதுக்கோட்டையின் பெண்மணிகள்

தொண்டைமான் மன்னர் ஆட்சியிலிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. வானம் பார்த்த பூமி எனப்படும் இப்பகுதி செல்வத்தாற் பெயர் பெற்றதன்று. ஆயினும், பெண்மக்கள் உரிமை வரலாற்றில் இதற்கு ஓர் உயர்ந்த இடம் உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரிலேயே. ஆடவர்க்கே உரியதாயிருந்த மன்னர் கல்லூரியில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவினாற் சேர்ந்து பயின்ற முதற் பெண் அவர். 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தபோது, தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும் என்றும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்றும் முன்னரே பேசி உடன்பாடு பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்ட மேலவையில் முதற் பெண் உறுப்பினராக அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அப்போராட்டத்தின்போது, அம்முறையினின்று தப்பிய இளம்பெண்கள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி அடைக்கலம் வேண்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வாராமையால், அம்மையார் தம் இல்லத்திலேயே இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. அவைக்களத்தில் இயற்றும் சட்டமும், நள்ளிரவில் திறக்கும் கதவும் ஒருங்கே வேண்டும் என்பதை அவ்வம்மையார் வாழ்வு காட்டுகின்றது.

இவ்வூர் வரலாற்றில் நினைக்கத்தக்க மற்றொரு நிகழ்ச்சி, 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம். கல்வெட்டும் தொழிலாளரும் உழவுக் கூலிகளுமாகிய பெண்கள் பல்லாயிரவர் மாலைதோறும் எழுத்தறிவு பெற்றதோடு, மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பிறர் துணையின்றித் தாமே ஓரிடத்திற்குச் செல்லுதல் கூடும் என்னும் துணிவு அவர்களிடம் தோன்றிற்று. முறையிடுதற்கு முதலில் வேண்டுவது அத்துணிவன்றோ? அக்காலத்தே, அவ்வூரிலேயே, ஷரீபா அம்மையாரின் தொண்டும் உருப்பெற்றது.

மொழிபெயர்க்கச் சென்றவர்

ஷரீபா கானம் தமிழ் முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். வடநாடு சென்று அலிகாரிற் கல்வி பயின்றவர். அதனால் இந்தி மொழிப் பயிற்சி அவருக்கு வாய்த்தது. 1988ஆம் ஆண்டு பீகார் மாநிலத் தலைநகராகிய பாட்னாவில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெண்கள் திரண்ட மாநாடு ஒன்று நடைபெற்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்றோர்க்கு இந்தி தெரியாது. அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவே ஷரீபா அம்மையார் அங்குச் சென்றார்.

மொழிபெயர்ப்போர் பணி ஒரு வகையில் அருமையானது. ஏனையோர் கேட்டு மறந்து விடலாம். மொழிபெயர்ப்போர் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் தம் வாயாற் சொல்லியாக வேண்டும். அடியுண்ட பெண்கள், சீதனக் கொடுமையால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோர் எழுந்து நின்று கூறிய வரலாறுகள் அம்மாநாட்டில் ஒலித்தன. வேறு வேறு மொழியினரும் வேறு வேறு சமயத்தினருமாகிய அவர்கள் துயரம் ஒன்றாகவே இருந்தது. வேலையாகச் சென்ற இளம்பெண், அதனையே வாழ்நாட் பணியாகக் கொண்டு திரும்பினார்.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' என்னும் பெண்கள் அமைப்பை அவர் நிறுவினார். படிகள் என்பது அப்பெயரின் பொருள். தொடக்கத்தில் அஃது ஒரு சமயத்தார்க்கென அமைந்ததன்று. துன்புற்ற பெண் எவரும் வரலாம். வந்தோருள் முஸ்லிம் பெண்கள் பலர். அவர்கள் வழக்குகளை ஆராய்ந்தபோது, அவற்றிற்கெல்லாம் பொதுவாகிய ஒரு தடை புலப்பட்டது. காவல் நிலையம் சென்றாலும், 'உங்கள் ஜமாஅத்திற் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்னும் விடை கிடைத்தது. ஜமாஅத்தோ அப்பெண்கள் நுழைய முடியாத இடமாக இருந்தது.

ஜமாஅத்தும் அதன் அதிகாரமும்

ஜமாஅத் என்பது பள்ளிவாசலைச் சார்ந்த ஊர்ச்சபை. பள்ளிவாசலைப் பேணுதல், அடக்கத்தலத்தைக் காத்தல், திருமணங்களைப் பதிவேட்டிற் பதிதல், ஏழைகளுக்கு உதவுதல், ஊர்ப் பிணக்குகளைத் தீர்த்தல் முதலியன அதன் கடமைகள். நற்பெரியோர் தலைமையில் நற்பணிகள் செய்து வரும் ஜமாஅத்துக்கள் பலவுண்டு. ஆயின், வழக்கத்தில் அதன் உறுப்பினர் யாவரும் ஆடவரே. சபை கூடுமிடம் பள்ளிவாசல். தமிழ்நாட்டின் பெரும்பாலான பள்ளிவாசல்களிற் பெண்கள் சென்று தொழும் வழக்கம் இல்லாதிருந்தமையால், தன் மணமுறிவைப் பற்றிய விசாரணைக்கும் மனைவி உட்செல்லுதல் இயலாதாயிற்று. கணவன் நேரிற் பேசுவான். மனைவியின் பக்கம் அவள் உறவினருள் ஆடவர் ஒருவர் பேசுவார். முடிவு எழுதப்பட்டு அவள் வீட்டுக்கு வரும்.

ஓர் எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்ப்போம். ஒருத்திக்குக் கணவன் இழைத்த கொடுமை, பிறர் அறியச் சொல்லக் கூசும் தன்மையது. அதனை அவள் தன் தாயிடம் பாதி சொல்வாள். தாய் தந்தையிடம் காற்பங்கு சொல்வாள். தந்தை சபையில் நாணத்தால் அதனையும் சொல்லார். சபையோர் கேட்டது யாது? 'சிறு பூசல்' என்பதே. அவர்கள் நல்லோராயினும் சிறு பூசலுக்குரிய தீர்ப்பையே வழங்குவர். ஆகவே தீர்ப்பின் பிழைக்குக் காரணம் தீர்ப்பளித்தோர் நெஞ்சமன்று. அவர்கள் கேட்ட முறையே.

இஸ்லாமிய நெறி இதற்கு உடன்பட்டதா என்பது அடுத்த வினா. திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் 'அல் முஜாதலா' என்னும் பெயருடையது. 'வாதாடுபவள்' என்பது அதன் பொருள். கௌலா என்னும் பெண்மணி, தம் கணவர் தமக்கிழைத்த அநீதியைக் குறித்து நபிகள் நாயகத்திடம் நேரிற் சென்று முறையிட்டார், விடாது வாதாடினார். அவர் முறையீடு இறைவனால் செவியேற்கப்பட்டது என்பதே அவ்வத்தியாயத்தின் தொடக்கம். முறையிட்டது ஒரு பெண்; முறையிட்டது தன் கணவனைப் பற்றி; தந்தையும் தமையனும் இடையில் நின்றிலர். இத்தகைய மரபையுடைய சமூகத்தில், முறையிடுவோளை வாயிலுக்கு வெளியே நிறுத்துதல் நெறியினின்று வந்ததன்று, வழக்கத்தினின்று வந்தது. ஷரீபா அம்மையாரின் வாதத்திற்கு இவ்வேறுபாடே அடிப்படை. சமயத்தைத் துறக்குமாறு அவர் பெண்களுக்குச் சொல்லவில்லை. சமயம் கொடுத்த உரிமையை வழக்கம் பறித்ததென்றே கூறினார்.

மாதர் ஜமாஅத்

ஆடவர் சபையில் இடம் வேண்டிப் பன்முறை கேட்டும் பயனின்மையால், பெண்கள் தாமே ஒரு சபை கூட்டினர். தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் என்னும் அவ்வமைப்பு 2004ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. பல மாவட்டங்களினின்றும் பெண்கள் புதுக்கோட்டையிற் கூடித் தத்தம் ஊர் வழக்குகளை எடுத்துரைத்தனர்.

அதன் முறை எளியது. துன்புற்றவள் தன் வாயால் முழுவதும் சொல்வாள், குறுக்கிடுவார் இலர். அவள் கூறியது மனுவாக எழுதப்படும். எதிர்த்தரப்பினரும் அழைக்கப்பட்டு, அவர்கள் கூற்றும் கேட்கப்படும். உறுப்பினர் ஊருக்கே சென்று அக்கம்பக்கத்தாரை உசாவி உண்மை அறிவர். உள்ளூர் ஜமாஅத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மடல் செல்லும். மணக்கொடை, சீதனப் பொருள், மக்கட்குரிய செலவு ஆகியவற்றைத் திரும்பப் பெறப் பேச்சு நடைபெறும். பேச்சால் தீராதது நீதிமன்றத்துக்குச் செல்லும். கைக்கூலி என்று முஸ்லிம்கள் வழங்கும் வரதட்சிணைக் கொடுமை, ஒரே மூச்சில் மும்முறை கூறும் தலாக், பலதார மணம், அடி உதை, ஐயத்துக்கிடமான சாவு எனப் பல திறத்தனவாய் வழக்குகள் வந்தன.

தீபா தன்ராஜ் என்னும் ஆவணப்பட இயக்குநர் 2011ஆம் ஆண்டு இவ்வமைப்பைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அப்படத்தை வெளியிட்டோர் கூற்றுப்படி, அந்நாளில் இவ்வமைப்பு 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினரைக் கொண்டிருந்தது; 8,000க்கு மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்திருந்தது. சட்ட அதிகாரம் ஒன்றுமில்லாத ஒரு சபையை நாடி இத்துணைப் பெண்கள் வந்தமைக்குக் காரணம் யாது? அங்கே அவர்கள் சொல்லை அவர்கள் வாயிலாகவே கேட்டனர் என்பதன்றி வேறில்லை.

பெண்கள் கூடுதற்கும் தொழுதற்கும் உரியதாகப் பள்ளிவாசல் ஒன்று கட்டவும் அம்மையார் திட்டமிட்டார். இச்செய்தி உலகின் பல நாடுகளிலும் பேசப்பட்டது. எதிர்ப்பும் பொருள் முட்டுப்பாடும் அப்பணியைத் தாமதப்படுத்தின. எனினும், சபை கூடுமிடமே அதிகாரத்தின் இடம் என்னும் உண்மையை அத்திட்டம் யாவர்க்கும் உணர்த்திற்று.

மூன்று தடைகளும் விடைகளும்

இத்தொண்டுக்கு எழுந்த தடைகள் பல. அவற்றுள் மூன்றனை நடுநின்று நோக்குவாம்.

முதலாவது, 'ஒரு சமூகத்தை ஆண் சபையென்றும் பெண் சபையென்றும் பிரித்தல் தகுமோ?' என்பது. தகாது என்றே வைத்துக்கொள்வோம். ஆயின், பிரிவு பெண்கள் சபை கூடிய நாளில் தோன்றியதன்று. ஆடவர் மட்டுமே சபை கூடிய நாளிலேயே தோன்றியது. இரு பாலாரும் ஒருங்கிருந்து கேட்கும் சபை அமையும் நாளில் தனிச்சபைக்குத் தேவை இராது.

இரண்டாவது, 'அடித்தல் குற்றமாயின் அதனைக் காவலரும் நீதிமன்றமுமே விசாரித்தல் வேண்டும். சமயச் சபை எதற்கு?' என்பது. இது வலிமையுடைய தடை. கொலையும் கொடுங்காயமும் பேசித் தீர்க்கத்தக்கனவல்ல. சமாதானம் என்னும் பெயரால் அடியுண்டவளை அடித்தவனிடமே மீளவும் அனுப்பும் தீங்கு எவ்வகைச் சபைக்கும் நேரலாம். பெண்கள் சபையும் அதற்கு விலக்கன்று. எனினும், கிராமத்துப் பெண் ஒருத்திக்கு நீதிமன்றம் நெடுந்தொலைவு. வழக்குரைஞர்க்குப் பணம் இல்லை. உடன் வருவார் இல்லை. அவள் முதலில் ஏறும் படி அண்மையில் இருத்தல் வேண்டும். அப்படியே நீதிமன்றத்துக்கு மாற்றாகிவிடின் குற்றம். அங்கே ஏற்றிச் செல்லும் படியாயின் உதவி.

மூன்றாவது, 'மார்க்க நூலறிவு இல்லாத பெண்கள் தீர்ப்புரைப்பதா?' என்பது. நூலறிவு குறைவாயின் கற்பித்தலே தக்க மருந்து. வாயை மூடுதல் மருந்தன்று. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பின்னர் உரைத்த தீர்ப்புக்கள் இப்பெண்கள் கேட்ட வினாக்களையே கேட்டன. தலாக்குக்குத் தக்க காரணமும், அதற்கு முன் இணக்க முயற்சியும் இருத்தல் வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே மூச்சில் கூறும் முத்தலாக் செல்லாது என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், நீதிபதிகள் ஐவருள் மூவர் கருத்தால் முடிவாயிற்று. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. கணவனைச் சிறையிலிட்டால் மனைவி மக்களுக்குச் சோறிடுவார் யார் என்னும் வினா அச்சட்டத்தைக் குறித்து எழுந்தது. அதனையும் புறக்கணித்தலாகாது.

சட்டம் தரும் துணை

இத்தகைய மாதர் பலர் நாடெங்கும் செய்த முயற்சியின் பயனாகச் சட்டமும் படிப்படியே வளர்ந்தது. மாணாக்கர் இதனை அறிந்திருத்தல் கடமை.

வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டினது. கணவனும் அவன் உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983ஆம் ஆண்டு தண்டச் சட்டத்திற் சேர்ந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டச் சட்டத்தில் அது 85, 86ஆம் பிரிவுகளாய் நிற்கின்றது. தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டு சென்னை ஆயிரம்விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது.

இவற்றுள் தலையாயது, 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். இதன் சிறப்புக்கள் சிலவற்றைக் கூறுவாம். அடித்தல் மட்டுமன்று, பாலியற் கொடுமையும், இழிசொல்லால் மனத்தைப் புண்படுத்தலும், உணவுக்கும் செலவுக்கும் பொருள் தராது ஒடுக்குதலும் வன்முறையே என்று இச்சட்டம் வரையறுத்தது. மனைவியே அன்றித் தாயும் உடன்பிறந்தாளும் இதன் காப்பைப் பெறலாம். வீடு கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பினும், அவ்வீட்டிற் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. சட்ட வழியன்றி அவளை வெளியேற்றுதல் கூடாது. மனுவைப் பெற்ற நீதிபதி பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை நாளைக் குறித்தல் வேண்டும். அறுபது நாட்களுள் முடிக்க முயலுதல் வேண்டும். காப்பாணையை மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ கிடைக்கும்.

இச்சட்டத்தின் நான்காம் பிரிவு நம் ஒவ்வொருவரையும் நோக்கியது. இல்லக் கொடுமை நிகழ்கின்றது என்று நம்புதற்குக் காரணமுடைய எவரும் பாதுகாப்பு அலுவலர்க்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தோர்மீது வழக்கொன்றும் தொடுத்தல் இயலாது. அண்டை வீட்டின் அழுகுரலைக் கேட்டு, 'நமக்கேன் வம்பு?' என்று சன்னலைச் சாத்துவோர்க்கு இனிச் சட்டத்தின்மேற் பழி போட இடமில்லை. 181 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் பெண்களுக்குரிய உதவி கிடைக்கும். இவ்வெண்ணை அறிந்த மாணாக்கர் தம் ஊரில் ஒருவர்க்கேனும் சொல்லி வைத்தல் நன்று.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் பாடம் யாது? கொடியோரைத் தண்டித்தல் நீதியின் பிற்பகுதி. துன்புற்றோர் சொல்லைக் கேட்டலே அதன் முற்பகுதி. முற்பகுதி இன்றிப் பிற்பகுதி நிகழாது. முத்துலட்சுமி அம்மையார் தம் இல்லத்துக் கதவைத் திறந்தார், அடைக்கலம் பிறந்தது. ஷரீபா அம்மையார் பாயை விரித்துப் பெண்களை வட்டமாக அமரச் செய்தார், முறைமன்றம் பிறந்தது. இருவர்க்கும் தொடக்கத்தில் அரசாணையும் பெருஞ்செல்வமும் துணை நின்றில. கேட்கும் செவி ஒன்றே அவர்கள் முதற்பொருள்.

நம்மிடையே ஊர்ச்சபைகள் பல உண்டு. குலப் பஞ்சாயத்துக்கள் உண்டு, திருச்சபைக் குழுக்கள் உண்டு, ஜமாஅத்துக்கள் உண்டு, குடியிருப்போர் சங்கங்கள் உண்டு. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் குறை கேட்கும் குழுக்கள் உண்டு. இவை ஒவ்வொன்றையும் பார்த்து நாம் கேட்டற்குரிய வினா ஒன்றே: துன்புற்றவள் இங்கு வந்து, இடையில் ஒருவரும் நில்லாமல், தன் சொல்லைத் தானே சொல்லுதல் கூடுமா? கூடும் எனின் அச்சபை அறமன்றம். கூடாது எனின், அதன் தலைவர் எத்துணைச் சான்றோராயினும், அது கயிறில்லா மணியே.

இன்று மாணாக்கராய் இருப்போர் நாளை ஆசிரியராகவும், மருத்துவராகவும், காவல் அலுவலராகவும், வழக்குரைஞராகவும், ஊர்ப் பெரியோராகவும், யாவர்க்கும் மேலாகக் கணவராகவும் மனைவியராகவும் ஆவர். பள்ளிக்கு அழுத கண்ணோடு வரும் குழந்தையையும், 'படியில் விழுந்தேன்' என்று காயத்துக்குக் காரணம் கூறும் நோயாளியையும், காவல் நிலைய வாயிலிலே தயங்கி நிற்கும் பெண்ணையும் அவர்கள் எதிர்ப்படுவர். அவ்வேளையில், அவசரப்பட்டு அறிவுரை கூறாது, ஓர் இருக்கை தந்து, முழுவதும் கேட்பாராக. அவ்வளவேனும் செய்வாராயின் இக்கட்டுரையைப் படித்ததன் பயனைப் பெற்றவராவர்.